ஒரு பைசாத் தமிழன்: அயோத்திதாசப் பண்டிதரும் நம் எல்லைப்புறமும்

அதிகாரத்தை எதிர்த்து எழுதிய பத்திரிகையாளர்கள் என்றால் பள்ளிப் பாடப்புத்தகம் நமக்குச் சில பெயர்களைச் சொல்லித் தருகிறது. சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1908-இல் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டில் பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். 1910-இல் வந்த பத்திரிகைச் சட்டம், அச்சகம் வைத்திருப்பவர்களிடம் ஜாமீன் தொகை கேட்டு மிரட்டியது. இவையெல்லாம் உண்மை. நாம் மதித்துப் படிக்க வேண்டிய வரலாறுதான்.

ஆனால் அந்தக் காலத்தில் நம் தாத்தாவுக்குத் தாத்தாக்களை ஆண்டது யார்? லண்டனில் இருந்த மன்னரை அவர்கள் பார்த்ததே இல்லை. கலெக்டரைப் பார்த்தவர்களும் அபூர்வம். அவர்கள் தினமும் பார்த்த அரசாங்கம் ஊருக்குள் இருந்தது. கணக்குப்பிள்ளை, முன்சீப், மணியக்காரர், மிராசுதார் என்று அதற்குப் பல முகங்கள். எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் இறைக்கலாம், பிள்ளை பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காரலாமா கூடாதா என்பதையெல்லாம் அந்த உள்ளூர் அரசாங்கமே முடிவு செய்தது. அதற்குத் தேர்தல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. மேலே இருந்த வெள்ளை அதிகாரிக்கும் அதுதான் கண்ணும் காதும்.

இந்த இரண்டாவது அரசாங்கத்தை எதிர்த்து வாரந்தோறும் பத்திரிகை நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் எழுத்துக்கு மிகப் பெரிய ஆதரவு தந்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். சூளகிரியிலிருந்து பறவை பறக்கும் வழியில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆகவே இது சென்னைக் கதை மட்டுமல்ல, நம் எல்லைப்புறத்தின் கதையும்கூட.

காத்தவராயன்

1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி பிறந்தவர் அவர். வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயர் மீது கொண்ட மதிப்பால் அந்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஆக்கிக்கொண்டார். தமிழோடு வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அறிந்தவர். தொழில் சித்த மருத்துவம். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த ஒரு பையனுக்கு அவர் வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தினார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் தமிழ்த்தென்றல் என்று பெயர் பெற்ற திரு.வி. கலியாணசுந்தரனார். இதைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் சமையல் பொறுப்பில் இருந்தவர். தம் வீட்டில் காத்துவந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் அந்த அதிகாரியிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரை கைக்குப் போய் அச்சேற வழி செய்தது என்று அயோத்திதாசரே பதிவு செய்திருக்கிறார். தீண்டாதவர் என்று தள்ளிவைக்கப்பட்ட வீட்டில் திருக்குறள் சுவடி இருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பு நமக்குப் புதிதாக யாரோ தந்தது அல்ல. இருந்ததைப் பறித்தார்கள், பிறகு இல்லை என்று சொன்னார்கள். அயோத்திதாசரின் எழுத்து முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறது.

இளமையில் அவர் நீலகிரியில் வாழ்ந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் மலைவாழ் மக்களையும் சேர்த்து 1870-களில் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1881-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களை இந்துக்களின் பட்டியலில் கடைசியாகச் சேர்க்காமல் சாதியற்ற பூர்வத் தமிழர் என்று பதிவு செய்யுமாறு அரசிடம் கோரினார். 1885-இல் ஜான் இரத்தினம் என்ற பாதிரியாருடன் சேர்ந்து திராவிடப் பாண்டியன் என்ற இதழை நடத்தினார். திராவிடம் என்ற சொல் அரசியல் மேடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் அதைப் பத்திரிகையின் தலைப்பில் வைத்துவிட்டார்கள்.

உதகையில் பத்துக் கோரிக்கைகள்

1891 டிசம்பர் 1-ஆம் தேதி உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டினார். அங்கே நிறைவேற்றிய பத்துக் கோரிக்கைகளைப் படித்தால், 130 ஆண்டுகளுக்கு முன் எழுதியவை என்று நம்புவது கடினம்.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டுவதைச் சட்டப்படி குற்றமாக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடங்களும் நம் மக்களிலிருந்தே ஆசிரியர்களும் வேண்டும். மெட்ரிகுலேஷன் வரை வந்த ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். படித்தவர்களுக்கு அரசாங்க வேலை வேண்டும். நகரசபையிலும் கிராமச் சங்கங்களிலும் நம் பிரதிநிதி உட்கார வேண்டும். சிறைச்சாலையில் சாதி பார்த்து இழிவான வேலை கொடுக்கும் விதியை நீக்க வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை இருக்கக் கூடாது. கச்சேரிகளிலும் அலுவலகங்களிலும் மற்றவர் நுழைகிற இடத்தில் நுழையவும் உட்காருகிற இடத்தில் உட்காரவும் உரிமை வேண்டும். நம் மக்கள் அதிகமாக வாழும் கிராமங்களில் முன்சீப், மணியக்காரர் பதவிகளை நம்மவர்க்குத் தர வேண்டும். கலெக்டர் கிராமத்துக்கு வரும்போது நம் மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சற்று யோசித்துப் பாருங்கள். கலெக்டர் நேரில் கேட்க வேண்டும் என்று ஏன் தனியாக எழுதினார்? மனு யார் கையால் மேலே போகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யார் மேல் புகாரோ அவரே விசாரணை அறிக்கையும் எழுதினால் நியாயம் எங்கிருந்து வரும்? அன்றைய ஆட்சியின் நோய் எங்கே இருந்தது என்பதை அவர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

இந்தக் கோரிக்கைகளைக் காங்கிரஸ் மகாசபைக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்து உருப்படியான பதில் எதுவும் வரவில்லை.

மறு ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபையின் மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாக அவர் போனார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் நம் மக்களையும் அனுமதித்தால் என்ன என்று கேட்டார். சபையில் பெரும் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி என்பவர் எழுந்து, உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற தெய்வங்கள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்கிற பொருளில் பேசினார். அயோத்திதாசர் தயங்கவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசாகக் கிடக்கும் நிலமும் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்தக் கோரிக்கையைச் சபை ஏற்றுக்கொண்டது.

அதே 1892-ஆம் ஆண்டில்தான், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையை ஆங்கில அரசு பிறப்பித்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அதே ஆண்டில் அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. கறுப்பின மக்களை வெள்ளையர்கள் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதை எதிர்த்து எழுதிய ஐடா பி. வெல்ஸ் என்ற பெண் பத்திரிகையாளரின் அலுவலகத்தை மெம்பிஸ் நகரில் ஒரு கும்பல் நொறுக்கியது. அவர் ஊர் திரும்ப முடியாமல் போனது. கடல் கடந்து இருந்த இந்த இருவருக்கும் எதிரே நின்றது ஒரே மாதிரியான அதிகாரம். சட்டப் புத்தகத்தில் அதற்கு இடமில்லாவிட்டாலும் தெருவில் அதன் ஆட்சிதான் நடந்தது.

வேறு வழி தேடியவர்

கோயில் வாசலில் நின்று கெஞ்சுவதில் பயனில்லை என்று கண்ட அயோத்திதாசர் பௌத்தத்தின் பக்கம் திரும்பினார். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்தார். 1898-இல் ஆல்காட்டின் துணையோடு அயோத்திதாசர் இலங்கைக்குச் சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னோர் பௌத்தர்கள், வேதியரின் மேலாண்மையை ஏற்க மறுத்ததால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். இந்திரர் தேச சரித்திரம் என்ற நூலில் இந்நாட்டு வரலாற்றையே அந்தக் கோணத்தில் எழுதினார். புத்தரின் வாழ்க்கையையும் அறத்தையும் ஆதிவேதம் என்ற நூலில் எழுதினார். கார்த்திகை தீபம், போகி போன்ற பண்டிகைகளுக்குக்கூடப் பௌத்த வேர் காட்டினார். அவர் சொன்ன ஒவ்வொரு செய்தியையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் வரலாற்றை நம் பக்கமிருந்தும் எழுதலாம் என்று துணிந்தவர் அவர்.

பெயர் விஷயத்தில் அவருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் இருந்த வேறுபாட்டையும் நாம் அறிய வேண்டும். இருவரும் உறவினர்கள். சீனிவாசனின் சகோதரி தனலட்சுமிதான் அயோத்திதாசரின் மனைவி. சீனிவாசன் 1893-இல் தம் பத்திரிகைக்குப் பறையன் என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவு செய்கிறார்களோ அந்தச் சொல்லை நிமிர்ந்து நின்று நாமே சொன்னால் அதன் நஞ்சு போய்விடும் என்பது அவர் எண்ணம். அயோத்திதாசரோ, எதிரி சூட்டிய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும், அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதிபேதமற்ற திராவிடர் என்று சொல்லிக்கொள்வோம் என்றார். மைத்துனர்கள் இருவருடைய வழியும் வேறு, வலி ஒன்றுதான். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நம் குடியிருப்புகளைக் குறிக்கும் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்ததும் இதே விவாதத்தின் தொடர்ச்சிதான்.

புதன்கிழமை தோறும்

1907 ஜூன் 19-ஆம் தேதி, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம். விலை ஒரு பைசா. கூலிக்காரன் கையிலும் காசு இருக்கும்படி வைத்த விலை அது, விலையே பத்திரிகையின் பெயராகவும் ஆனது. மறு ஆண்டு வாசகர்களின் விருப்பப்படி பெயர் தமிழன் என்று சுருங்கியது. அப்போது அவருக்கு வயது 62. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி நினைக்கும் வயதில் வாரப் பத்திரிகை தொடங்கி, சாகும் வரை ஏழு ஆண்டுகள் நடத்தினார்.

அதில் என்ன இருந்தது? அரசியல் இருந்தது, வரலாறு இருந்தது, பௌத்தம் இருந்தது, மருத்துவக் குறிப்பு இருந்தது. வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதினார்கள், அவர் பதில் எழுதினார். ஊர்களில் நடக்கும் கொடுமைகளும் அச்சில் ஏறின. அந்தக் காலத்தில் பத்திரிகை என்பது ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பது. எழுத்தறியாத ஒரு தொழிலாளிக்குத் தன் ஊரில் தனக்கு நேர்ந்தது போலவே வேறோர் ஊரில் வேறொருவருக்கும் நேர்கிறது என்று தெரிந்தால், அது தலைவிதி அல்ல, யாரோ நடத்தும் ஏற்பாடு என்ற எண்ணம் பிறக்கும். தமிழன் செய்த பெரிய வேலை அதுதான்.

தமிழன் வெளிவந்த காலம் சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம். நாடு முழுவதும் தன்னாட்சி கேட்டது. அயோத்திதாசர் அதற்கு எதிரான நிலை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தண்ணீர் தர மறுப்பவர்கள், அவன் நிழல் படுவதைத் தீட்டு என்பவர்கள், வெள்ளைக்காரனிடம் சமத்துவம் கேட்பது எந்த நியாயம் என்பது அவர் கேள்வி. ஆட்சி அவர்கள் கைக்கு மாறினால் நம் மக்களுக்கு இப்போது கிடைக்கும் கொஞ்ச நஞ்சமும் போய்விடும் என்று அவர் அஞ்சினார். 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாட்டில் பலர் உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள். தமிழன் அந்தக் கொலையைக் கண்டித்து எழுதியது.

இதை வைத்து அவரை ஆங்கிலேயரின் ஆள் என்று சிலர் எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமல்ல. ஆங்கில ஆட்சியை அவர் வரவேற்றார் என்பது உண்மை. அந்த ஆட்சியின் கொள்ளை எவ்வளவு ஆழமானது என்பதை அவர் போதுமான அளவு எடை போடவில்லை என்று நாம் இன்று சொல்லலாம். ஆனால் அந்த அரசை அவர் வாழ்நாளெல்லாம் கேள்வியும் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிகளாக ஒரே வகுப்பாரை வைத்துக்கொண்டு எல்லா மக்களுக்கும் நீதி தருகிறேன் என்று சொல்வது எப்படி? கணக்கெடுப்பில் எங்களை யார் என்று எழுதப்போகிறீர்கள்? சட்டசபையில் இடம் தரும்போது எங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் எங்கே? இவை அரசை நோக்கி அவர் எழுப்பிய கேள்விகள். அரசைப் புகழ்ந்தால் சலுகை, தேசியத்தைப் புகழ்ந்தால் கைதட்டல் என்று இருந்த காலத்தில், அவர் இரண்டு பக்கமும் கணக்குக் கேட்டார். கூட்டம் ஒரு பக்கமாக ஓடும்போது நின்று கேள்வி கேட்பதற்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது. இறந்த பிறகும் அவர் அந்த விலையைக் கொடுத்தார். தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் பல பத்தாண்டுகள் அவர் பெயரே இடம்பெறவில்லை.

தங்கவயலின் தமிழன்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கியதும், சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் மாவட்டம்தான். பண்ணையத்தில் மாட்டோடு மாடாகக் கிடந்தவர்களுக்குச் சுரங்கக் குழி பயங்கரமான இடம்தான். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு, நெஞ்சில் தூசி படிந்து இருமியே செத்தவர்கள் உண்டு. ஆனால் மாதம் பிறந்தால் கையில் கூலி வந்தது. அந்தக் கூலியைக் கொடுத்தவர் ஊர்க் கவுண்டரோ ரெட்டியாரோ அல்ல. அந்த ஒரு வேறுபாடு மனிதனின் முதுகெலும்பை நிமிர்த்தியது. கூலிக் காசில் ஒரு பைசாவைப் பத்திரிகைக்குக் கொடுக்க முடிந்தது.

சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளில் எழுந்தன. பெங்களூர், ஹூப்ளி, திருப்பத்தூர் என்றும் கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்றும் சங்கமும் பத்திரிகையும் பரவின. எங்கெல்லாம் நம் மக்கள் பிழைக்கப் போனார்களோ அங்கெல்லாம் தமிழனும் போனான்.

1914 மே 5-ஆம் தேதி அயோத்திதாசர் காலமானார். அவர் மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் பத்திரிகையை நடத்தினார், பிறகு அது நின்றுபோனது. கதை அதோடு முடிந்திருக்கும். முடியவிடாதவர்கள் தங்கவயல்காரர்கள். 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் கோலார் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. பின்னர் அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது. சென்னை மறந்த ஒருவரைச் சுரங்கத் தொழிலாளிகள் நினைவில் வைத்திருந்தார்கள். 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்தபோது தமிழ் அறிவுலகம் திகைத்துத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுப்புக்கு வேண்டிய பழைய தாள்கள் அழியாமல் இருந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட எளிய மனிதர்களின் அக்கறை இருக்கிறது. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த மக்கள் காத்துவைத்த எழுத்து இன்றும் அச்சில் இருக்கிறது.

அவரிடம் நாம் கேட்க வேண்டியது

பெரியவர்களைக் கும்பிட்டு ஒதுக்கிவிடுவது அவர்களுக்கு மரியாதை அல்ல. அயோத்திதாசரே எல்லாவற்றையும் கேள்வி கேட்கச் சொன்னவர். ஆகவே அவரிடமும் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சாதிபேதமற்ற திராவிடர் என்று அவர் வரைந்த வட்டத்துக்குள் ஒடுக்கப்பட்ட எல்லோரையும் அவர் சேர்க்கவில்லை. அருந்ததிய மக்களையும் வேறு சில சமூகங்களையும் வெளியே வைத்து, தாழ்வாகவே எழுதிய இடங்கள் அவரிடம் உண்டு. இன்று ஆய்வாளர்கள் இதைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். அந்த விமர்சனம் சரியானது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் நம் பகுதியில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. ஒரே ஊரின் கோடியில் இரண்டு தெருக்களாக வாழ்ந்துகொண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் இருக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மிச்சம் இருக்கிறது. மேலே இருப்பவன் நமக்குச் செய்ததை நாம் பக்கத்துத் தெருவுக்குச் செய்தால், அயோத்திதாசர் எந்த அரசாங்கத்தை எதிர்த்தாரோ அதற்கு நாமும் வரி கட்டுகிறோம் என்று பொருள்.

கோரிக்கைகள் என்ன ஆயின?

1891-இல் உதகையில் எழுதிய பத்துக் கோரிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கக் கேட்டார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-இல், 98 ஆண்டுகள் கழித்து. முன்சீப், மணியக்காரர் பதவிகளில் பங்கு கேட்டார். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையைத் தமிழகம் ஒழித்தது 1980-இல், 89 ஆண்டுகள் கழித்து. அதன் பிறகுதான் தேர்வு எழுதி கிராம நிர்வாக அலுவலராக வர நம் பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. ஊர் நிர்வாகத்தில் பிரதிநிதித்துவம் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் இடஒதுக்கீடு உறுதியானது 1993-இன் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து. ஒதுக்கப்பட்ட நாற்காலியில் உட்கார விடாமல் தலைவரைத் தரையில் உட்காரவைத்த செய்திகளை அதற்குப் பின்னும் தமிழகம் படித்திருக்கிறது.

கலெக்டர் நேரில் குறை கேட்க வேண்டும் என்றார். இன்று திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. இந்த உரிமைகள் தானாக வரவில்லை. யாரோ எழுதினார்கள், யாரோ அச்சடித்தார்கள், யாரோ ஒரு பைசா கொடுத்து வாங்கி வாசித்தார்கள். நாம் கிராமசபைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், எழுதிய தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேறு ஆள் இருக்கிறது.

தரிசு நிலம் கேட்டாரே, அது என்ன ஆனது? பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும் பகுதி நம் மக்கள் கையில் இல்லை. பிற சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம், கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் போயிருக்கிறது. நம் பகுதியில் இது இன்றைய கேள்வி. ஓசூரில் தொடங்கிய தொழிற்பேட்டை வளர்ந்து சூளகிரி வரை வந்துவிட்டது. நெடுஞ்சாலையின் இருபுறமும் சென்ட் கணக்கில் விலை பேசுகிறார்கள். மானாவாரிக் கொல்லையாகக் கிடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத நிலத்துக்கு இப்போது பத்துப் பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். பாட்டன் பெயரில் இருந்த நிலம் எந்த ஆண்டில், எந்தப் பத்திரத்தின் மூலம் யாருக்குப் போனது என்று பழைய அ-பதிவேட்டையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய்க் கட்டணமும்தான் செலவு.

அரசு இன்று அயோத்திதாசரைச் சிறப்பிக்கிறது. 2005-இல் தபால்தலை வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. 2023-இல் நம் குடியிருப்புகளின் மேம்பாட்டுக்கான திட்டம் ஒன்று ஐந்து ஆண்டுகளில் 1000 கோடி ரூபாய் என்ற அறிவிப்போடு அவர் பெயரில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். இவை நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தத் திட்டத்தில் நம் ஊருக்கு எவ்வளவு வந்தது, எந்தத் தெருவுக்கு என்ன வேலை நடந்தது என்று கணக்குக் கேட்பதுதான் அவர் பெயருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அந்தக் காலத் தமிழ் முதலில் கொஞ்சம் கடினமாகத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் விளங்கும். வாய்விட்டுப் படிப்பதைக் கேட்பவர்களுக்காக எழுதிய எழுத்துதான் அது.